வாய்க்கால் கரையோடு நடக்கலாம், வாருங்கள்

பிளிமத், டெவன், இங்கிலாந்து
15 பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் எல்லோரும் நலம். ஆகஸ்டில் நீங்கள் இங்கே வந்து ஒரு மாதம் தங்கப் போவது தெரிந்ததிலிருந்து, உங்களை முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று பேத்தியும் பேரனும் தினமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறை நாளானால் குழந்தைகளோடு அந்தப் பொட்டல் மேட்டுக்குப் போய், காற்றிலும் மழையிலும் அப்படி என்னதான் நடக்கிறீர்கள் என்றும், முழங்கால் வலியை வைத்துக்கொண்டு தன்னால் அங்கே நடக்க முடியுமா என்றும் அம்மா கேட்டார். தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முடியும், அம்மா. டார்ட்மூர் என்னும் அந்த மேட்டில் ஏற்றமே இல்லாமல் நடக்க ஒரு வழி இருக்கிறது; அது வாய்க்கால் கரை. அதற்கு வருமுன், அந்த நிலம் எப்படிப்பட்டது என்று அப்பாவுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம் வடகிழக்கே போனால், வீடுகளும் வேலிகளும் குறைந்து, மரங்கள் இல்லாமல் ஏறி இறங்கிக் கிடக்கும் ஒரு பெருவெளி தொடங்குகிறது. 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட டார்ட்மூரின் பரப்பு 954 சதுர கிலோமீட்டர். அதன் அடித்தளம் கருங்கல். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பாறைக் குழம்பாக இருந்து இறுகியது. குன்றுகளின் உச்சியில் அந்தக் கல் மண்ணுக்கு வெளியே எழுந்து, மழையும் உறைபனியும் பிளந்த அடுக்குகளாக நிற்கிறது. அப்படிப்பட்ட பாறைக் குவியலை டோர் என்கிறார்கள். தென்மேற்குக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று இந்த மேட்டில் மோதி மேலே எழுவதால், பிளிமத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், மேட்டின் நடுவிலுள்ள பிரின்ஸ்டவுனில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு பெய்கிறது. எப்போதும் நனைந்திருக்கும் நிலத்தில் செடிகள் முழுதாக மக்காமல் படிந்து படிந்து பீட் என்னும் கரிய மண்ணாகியிருக்கின்றன. அது மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. டார்ட், டீன், டேவி, பிளிம் என்று டெவனின் ஆறுகள் பலவும் இந்த ஈர மேட்டிலிருந்துதான் நாலா பக்கமும் இறங்குகின்றன. மேலே திறந்த வெளி, கீழே ஓக் மரங்கள் மூடிய ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், வானம் தெளிந்த நாளில் மேலேயும், காற்று பலமாக வீசும் நாளில் மரங்களின் மறைவில் ஆற்றோடும் எங்களால் நடக்க முடிகிறது.

இனி வாய்க்கால். பிளிமத் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர 1591-லேயே மீவி ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அந்தப் பணியை நிறைவேற்றியவர் உலகைக் கப்பலில் சுற்றி வந்த பிரான்சிஸ் டிரேக். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, பிளிமத்தை ஒட்டிய டெவன்போர்ட் கடற்படைக் கப்பல் துறையும் அதைச் சுற்றிய ஊரும் வளர்ந்தபோது, 1790-களில் மேற்கு டார்ட், கௌசிக், பிளாக்புரூக் ஆகிய ஓடைகளிலிருந்து இன்னொரு வாய்க்காலைக் கொண்டு வந்தார்கள். பம்பு எதுவும் இல்லாத காலம் அது. தண்ணீர் தன் போக்கில் ஓடியே கடற்கரை வரை வந்து சேர வேண்டும் என்பதால், குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத சரிவில் வாட்டம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். குன்று குறுக்கிட்ட ஓரிடத்தில், நன்ஸ் கிராஸ் அருகே, அதைக் குடைந்து சுரங்கத்தின் வழியே தண்ணீரை விட்டிருக்கிறார்கள். அந்த நாளில் வாட்டம் பிடித்தவர்களின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரே சாட்சி. ஏரிக் கால்வாய்களில் வேலை பார்த்த அப்பா இதை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

தண்ணீர் ஏறாத இடத்தில் நாமும் ஏற வேண்டியதில்லை என்பதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் வசதி. கரையை ஒட்டி இருக்கும் ஒற்றையடித் தடம் ஏறக்குறைய சமதளமாகவே செல்கிறது. ஒரு பக்கம் தெளிந்த நீர் சலசலக்க, மறுபக்கம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரிய, குன்றின் பாதி உயரத்தில் நடந்துகொண்டே இருக்கலாம். சின்னவன் ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன் கூடவே நடப்பான். புல் திட்டில் அது சிக்கினால் நிற்பான். குனிந்து விடுவித்துவிட்டு மறுபடி நடப்பான். கால் வலிக்கிறது, தூக்கிக்கொள் என்ற பேச்சே எழுவதில்லை. உச்சியை நோக்கி இழுத்துக்கொண்டு போனால் பத்தாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிடும் அதே குழந்தை, ஓடும் தண்ணீரைக் காட்டினால் ஒரு காலைப் பொழுது முழுவதும் நடக்கிறான். சிறு குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு டார்ட்மூரில் இதைவிடப் பொருத்தமான நடை இல்லை என்பது என் உறுதியான கருத்து. மலையேறுகிறவர்கள் எழுதும் வழிகாட்டிகளில் உச்சிகளுக்குக் கிடைக்கும் இடம் இந்தக் கரைகளுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

டெவன்போர்ட் வாய்க்கால் இப்போது நகரம் வரை வருவதில்லை. 1898-இல் கட்டி முடிக்கப்பட்ட பர்ரேட்டர் நீர்த்தேக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றி வர சுமார் 6 கிலோமீட்டர். பெரும்பகுதி அமைதியான தார்ச்சாலை என்பதால் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். அம்மா முதல் நாள் அணையிலிருந்து மரங்களுக்கிடையே வாய்க்கால் கரையில் முடிந்த தூரம் போய்த் திரும்பினால் போதும். கால் ஒத்துழைத்தால் இன்னொரு நாள் மீவி ஆற்றின் மேற்பகுதிக்குப் போவோம். அங்கே ராடிக் குன்றின் சரிவில் வாய்க்கால் நுரைத்துக் கொட்டி இறங்கி, ஆற்றுக்கு மேலே ஒரு தொட்டிப் பாலத்தில் ஏறிக் கடந்து போகிறது. கீழே ஆறு ஒரு திசையில், மேலே வாய்க்கால் குறுக்காக. பெரியவள் அங்கே போனால் கிளம்பவே மாட்டாள். அந்த இடத்துக்குப் போக மட்டும் சற்று ஏற வேண்டியிருக்கும்.

அப்பாவுக்குக் காட்ட வேண்டியது ஹேட்டோர் என்ற பாறைக் குன்று. கார் நிறுத்தும் இடத்திலிருந்து புல்வெளியில் கொஞ்ச தூரம் ஏறினாலே 457 மீட்டர் உயரத்திலுள்ள பாறைகளின் அடியை அடைந்துவிடலாம். தெளிந்த நாளில் அங்கிருந்து கடல் தெரியும். ஆனால் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது பாறையை அல்ல, அதன் பின்புறம் புல்லுக்குள் கிடக்கும் தண்டவாளத்தை. 1820-இல் போட்ட அந்தத் தண்டவாளத்தில் இரும்பே இல்லை. சக்கரம் விலகாதபடி விளிம்பு செதுக்கிய கருங்கற்களையே வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்து வரும். 1831-இல் திறக்கப்பட்ட லண்டன் பாலத்துக்கு இங்கிருந்து கல் போயிருக்கிறது. கிளை பிரியும் இடத்தில் ஒரே கல்லில் இரண்டு தடம் செதுக்கியிருப்பதைச் சின்னவன் விரலால் தடவிக்கொண்டே போவான்.

பெரியவளுக்கு இங்கே வேறொரு பைத்தியம் பிடித்திருக்கிறது. 1854-இல் சாக்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, வட மேட்டின் கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறத்தில், அவ்வளவு தூரம் வந்தவர்கள் தம் பெயர்ச் சீட்டை விட்டுச்செல்ல ஒரு புட்டியை வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் லெட்டர்பாக்ஸிங் என்னும் தேடும் விளையாட்டு. பாறை இடுக்குகளில் சிறு டப்பாக்களை ஒளித்து வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். கிடைத்ததும் அந்த முத்திரையை நம் நோட்டில் பதித்துக்கொண்டு, நம் முத்திரையை அந்தக் குறிப்பேட்டில் பதித்துவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே மறைத்து வைத்துவிட வேண்டும். இதற்காகவே அவள் திசைகாட்டி பார்க்கவும், வரைபடத்தில் உயரக் கோடுகளைப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். தாத்தாவுக்குச் சொல்லித் தருவதற்காகக் காத்திருக்கிறாள்.

ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் எனக்குப் பிடித்தது டீன் ஆறு. இன்னும் சில வாரங்களில், மார்ச் மாதத்தில், டன்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஆற்றங்கரை முழுவதும் காட்டு டாஃபடில் மஞ்சளாகப் பூத்துவிடும். உங்களால் அதைப் பார்க்க முடியாதே என்பது ஒரு குறை. ஆகஸ்டில் ஃபிங்கிள் பாலத்துக்குப் போவோம். பதினேழாம் நூற்றாண்டுக் கல் பாலம் அது. ஓக் காடு இரு கரையிலும் தண்ணீரின் மேல் கவிந்திருக்கும். ஒரு கரையில் கல்லும் வேரும் நிறைந்த மீனவர் தடம் இருக்கிறது, அது அம்மாவுக்கு வேண்டாம்; எதிர்க்கரையில் அகலமான காட்டுப் பாதை உண்டு. ஆற்றின் நடுக் கல்லில் டிப்பர் என்ற சிறு பறவை வெள்ளை நெஞ்சோடு உட்கார்ந்து, உடம்பைக் குனிந்து குனிந்து நிமிர்த்திக்கொண்டிருக்கும். சட்டென்று தண்ணீருக்குள் இறங்கி அடியிலேயே நடந்து இரை தேடும். கிழக்கு டார்ட்டின் மேல் போஸ்ட்பிரிட்ஜில், தூண்களின் மேல் நான்கு மீட்டருக்கும் நீளமான கற்பலகைகளை வைத்த பழங்காலப் பாலம் இருக்கிறது. ஒவ்வொரு பலகையும் எட்டு டன்னுக்கும் அதிக எடை. அங்கே நிறையப் பேர் வருவார்கள். காலையிலேயே போய்விட வேண்டும்.

அம்மா பயப்படக் கூடாது என்பதற்காக ஆபத்துகளை மறைக்கவும் நான் விரும்பவில்லை. மூடுபனி சில நிமிடங்களில் இறங்கிவிடும். எதிரே நின்ற குன்று காணாமல் போகும். அதனால் கைப்பேசியை மட்டும் நம்பாமல், 1:25,000 அளவிலான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறோம். கண்ணைப் பறிக்கும் பச்சையாகப் பாசி படர்ந்த இடம் புல்தரை அல்ல, சேறு. அதில் கால் வைப்பதில்லை. மேட்டில் பலத்த மழை பெய்தால் டார்ட் ஆறு மளமளவென்று உயரும். ஆண்டுக்கு ஓர் உயிரை அது கேட்கும் என்று பழைய சொல்லே இருக்கிறது. மழைக்கு மறுநாள் குழந்தைகளை அந்தத் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. வட மேட்டின் சில பகுதிகளில் ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி செய்யும். அந்த நாட்களில் பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஏற்றுவார்கள், தேதிகளையும் முன்பே அறிவித்துவிடுவார்கள். கோடையில் இடுப்புயரம் வளரும் பிராக்கன் பெரணிக்குள் உண்ணி இருக்கும். எனவே முழுக்கால் சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் எல்லோருடைய கால்களையும் பார்த்துவிடுகிறோம். வழியில் நிற்கும் மட்டக்குதிரைகள் காட்டு விலங்குகள் போலத் தெரிந்தாலும், ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. தீனி கொடுத்துப் பழக்கினால் அவை சாலைக்கு வந்து கார்களில் அடிபடும் என்பதால், எதுவும் கொடுக்கக் கூடாது. பேரனுக்கு இது இன்னும் மனத்தாங்கல்தான்.

சொந்தக்காரர் என்றதும் அப்பா கேட்ட இன்னொரு கேள்வி நினைவுக்கு வருகிறது: யாருடைய நிலத்தில் நாங்கள் இப்படி நடக்கிறோம்? மேட்டின் பெரும்பகுதி அரச குடும்பத்தின் டச்சி ஆஃப் கார்ன்வால் பண்ணையத்துக்கும் வேறு உரிமையாளர்களுக்கும் சொந்தம். அதில் ஆடுமாடு மேய்க்கும் உரிமை சுற்றியுள்ள உழவர்களுக்கு உண்டு. ஆனால் 1985-ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம், அந்தப் பொதுமேய்ச்சல் நிலங்களில் கால்நடையாகவோ குதிரையிலோ சென்று இளைப்பாறும் உரிமையை எல்லோருக்கும் தந்திருக்கிறது. கூடாரம் அடித்து இரவு தங்குவதும் அந்த உரிமையில் அடங்குமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 மே மாதம் அடங்கும் என்றே தீர்ப்பானது. இந்த ஊருக்கு வந்த புதிதில், எந்தக் கதவைத் தட்டுவதற்கும் தயங்கிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே கிடந்தவள் நான். யாரிடமும் அனுமதி கேட்காமல் என் குழந்தைகளோடு நாள் முழுவதும் நடக்கலாம் என்று தெரிந்தது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அதற்குக் கைம்மாறாக அவர்கள் கேட்பது, நீ திறந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போ, குப்பையைத் திரும்பக் கொண்டு போ, கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போகாதே என்ற அளவுதான்.

நீங்கள் வரும் நேரத்தில் ஹெதர் செடி ஊதாவாகவும், கோர்ஸ் முட்செடி மஞ்சளாகவும் மேடு முழுவதும் பூத்திருக்கும். இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகஸ்ட் ஆயிற்றே என்று மெல்லிய துணிகளை மட்டும் எடுத்து வராதீர்கள், கம்பளிச் சட்டை ஒன்று இருவருக்கும் கட்டாயம் வேண்டும். மழைச் சட்டை இங்கேயே வாங்கி வைத்துவிடுகிறோம். நடைக் காலணிதான் முக்கியம். புதிதாக வாங்கி அன்றே போட்டுக்கொண்டு நடந்தால் குதிகால் புண்ணாகும். எனவே இருவரும் ஒரு தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, படம் எடுத்து இந்த வாரமே அனுப்புங்கள். நாங்கள் வாங்கி, அண்ணன் ஏப்ரலில் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறோம். அம்மா அதைப் போட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் நடந்து பழகிவிட்டால், பர்ரேட்டரில் நான் கையைப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்காது. முழங்கால் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு, அவர் சொல்வதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்