கூழைக்கடாவும் என் சிவப்புப் பேனாவும்

அன்புள்ள மலர்,

திட்டாதே. உன் மகள் காலேஜ் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லக்கூட போன் பண்ணாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். ஆமாம், ஆகவேண்டும். முட்டிவலி அப்படியே இருக்கிறது, அவருக்குச் சர்க்கரை பரவாயில்லை, தண்டையார்பேட்டையில் தண்ணீர் லாரி வரும் நேரம் மட்டும் மாறியிருக்கிறது. குசலம் முடிந்தது.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை பேச்சுப்போட்டி, தலைப்பு 'உயிர் இரக்கம்', மூன்று நிமிடம். இத்தனை வருஷமாக நான் செய்வது உனக்குத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து நானே எழுதுவேன், பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், சிபி புறாவுக்காகத் தொடைச்சதையை அறுத்தான், நடுவில் இரண்டு குறள், பிள்ளை அதை மனப்பாடம் செய்து கையை ஆட்டி ஒப்பித்துவிட்டு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு திரும்பி வரும். ('அவையோரே' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி நேராக கேண்டீனுக்குப் போன நீ இதைக் கிண்டல் செய்யக்கூடாது.)

இந்த வருஷம் சலித்துவிட்டது. ஐந்தாம் வகுப்பையே எழுதச் சொன்னேன். முதலில் வள்ளலார் கதை. ஒன்பது வயதில், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குப் பதிலாகப் போய்ச் சொற்பொழிவு செய்தார் என்பார்களே, அது. நம்ம ஏழுகிணறு வீராசாமி தெருவில் இருந்தவர், திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போவார் என்றேன். "ஏன் மிஸ், பஸ் இல்லையா?" என்றாள் ஒருத்தி.

சரி என்று மூன்றே கேள்வி கொடுத்தேன்: கண்ணால் எதைப் பார்த்தாய், உள்ளுக்குள் என்ன செய்தது, நீ என்ன செய்தாய். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவனுக்குப் படித்துக்காட்ட வேண்டும், மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும், கேட்டவன் மனதில் நின்றதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் வந்ததில் எனக்குப் பிடித்தது, 'இரக்கம் என்றால் மிஸ் வீட்டுப்பாடம் தராமல் இருப்பது.'

அப்புறம் ஒரு பையன். எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளை, இப்போது பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறான், வகுப்பில் வாயே திறக்கமாட்டான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் கறுப்பாய்ப் போனதே, அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்திருக்கிறான். அப்பா மற்ற மீன்காரர்களோடு வாளியும் மக்குமாக எண்ணெய் அள்ளிவிட்டு வந்து ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டாராம். சேற்றில் ஒரு கூழைக்கடா, இறக்கை பூராவும் எண்ணெய் ஒட்டி, பறக்க முடியாமல் நின்றதாம். இவன் ஒரு மடவை மீனைத் தூக்கிப் போட்டிருக்கிறான். அது தின்னவில்லை. 'செத்துடுமோன்னு பயந்து வீட்டுக்கு ஓடிட்டேன். மறுநாள் நான் போகலை.' இதோடு முடிகிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா மலர்? சிவப்புப் பேனாவை எடுத்து அந்தக் கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு, 'ஓடோடிச் சென்று அப்பறவையைக் காப்பாற்றினேன்' என்று எழுதினேன். கை தானாகப் போனது, யோசிக்கவே இல்லை. நோட்டை வாங்கிப் பார்த்தவன், "மிஸ், நான் காப்பாத்தலையே" என்றான். கோபமெல்லாம் இல்லை, கணக்கில் விடை தப்பு என்று சொல்வதுபோல.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. அந்த டிசம்பரில் டிவியில் அதே மாதிரிப் பறவையைக் காட்டியபோது நான் சேனலை மாற்றினேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவனாவது மீன் போட்டிருக்கிறான். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளின் வாயில் செய்யாத நல்ல காரியத்தையெல்லாம் வைத்து அனுப்பியிருக்கிறேனோ.

அடித்த வரிகளை மறுபடி எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஆனால் பேச்சு ஒன்றரை நிமிடம்கூட வரவில்லை, குறளும் இல்லை, பேச்சுவழக்கு வேறு. நீ நாலைந்து தடவை நடுவராக உட்கார்ந்தவள், உண்மையைச் சொல், மார்க் போடுவாயா? 'நன்றி, வணக்கம்' மட்டுமாவது கடைசியில் சேர்க்கச் சொல்லலாமா? நான் கேட்டதற்கு, "போகலைன்னு சொல்லிட்டு எப்படி மிஸ் வணக்கம் சொல்றது?" என்கிறான்.

வியாழனுக்குள் போன் பண்ணு. ஏழு மணிக்கு மேல், அதற்கு முன்னால் தண்ணீர் லாரி.

உன்
வசந்தி