தோட்ட ஜீப்புகள் ஏறும் வேளையில் மலையேற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் ஓட்டுவதிலேயே இன்பம் காண்பவர்களுக்கென்று தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வெளியான ஒரு வாரப் பயணத் திட்டத்தை, கம்பத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் பட்டறை நடத்திவருபவன் என்ற முறையில் ஆவலோடு படித்தேன். போடி, மூணாறு, மறையூர், உடுமலை, வால்பாறை, அதிரப்பள்ளி, வாகமண், குமுளி என்று சுற்றிக் கம்பத்தில் முடியும் அந்த வட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அவ்வழியே போய்வந்தவன்தான். ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் கிலோமீட்டர் கணக்கு இருந்ததே தவிர, எந்த மாதத்தில் போகலாம் என்ற குறிப்பு ஓரிடத்திலும் இல்லை. எந்த வேளையில் ஏறலாம் என்று சொன்ன ஓரிரு இடங்களிலும் அது பொருந்தவில்லை.

முதல் நாளையே எடுத்துக்கொள்கிறேன். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். விடியற்காலையில் ஏறுவது சிறப்பு என்கிறது திட்டம். அதே விடியற்காலையில்தான் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளின் கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் விரைகின்றன. மாலையில் அவையே அதே வேகத்தில் இறங்குகின்றன. உங்களுக்கு உல்லாசமாக இருக்கும் சாலை, அவர்களுக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வரும் வழி. ஒன்பது மணிக்குமேல் புறப்பட்டால் இருதரப்புக்கும் இடைஞ்சல் இராது. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதி, சமவெளியிலிருந்து வருவோர் பலருக்குத் தெரிவதே இல்லை.

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி) இல்லாத பெட்ரோல் வண்டியானால், மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஆயிரம் மீட்டர் ஏறும்போது இன்ஜினின் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் கார் பிரியர்கள் அந்த ஏற்றத்திலேயே உணரலாம். பூப்பாறையைத் தாண்டி, அகலப்படுத்தப்பட்ட கேப் சாலை வழியாக மூணாறு செல்லும் பகுதியில் அந்தக் குறை மறந்துபோகும்.

மூணாற்றில் இரண்டு இரவுகள் தங்கி, இரண்டாம் நாளை டாப் ஸ்டேஷனுக்கே ஒதுக்கலாம். மூணாற்றிலிருந்து அவ்விடம் வரை ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோனது. அதில் வந்த தேயிலை அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது என்பதை அறிந்துகொண்டு அந்தச் சாலையில் ஓட்டுவது தனி அனுபவம்.

மூன்றாம் நாள் மறையூர், சின்னாறு வழியாகப் பகலிலேயே உடுமலை வந்துவிட வேண்டும். நான்காம் நாள் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று அணையைப் பார்க்காமல் போகக் கூடாது. வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கட்டாயம். ஐந்தாம் நாள்தான் திட்டம் பெரிதும் தவறிய இடம். காலையில் வால்பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் மளுக்கப்பாறை வழியே அதிரப்பள்ளிக்குப் போகச் சொல்கிறது. அது யானைகள் நடமாடும் காட்டுவழி. இருட்டிய பிறகு சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள். காலையிலேயே சாவடியைக் கடந்துவிடுவதே முறை. ஆறாம் நாள் சாலக்குடி, தொடுபுழா வழியாக வாகமண் சேர்வது நெரிசலோடு கழியும் பொழுது. சிலாகித்துச் சொல்ல அதில் அதிகமில்லை.

ஏழாம் நாள் குட்டிக்கானம், குமுளி வழியாக இறங்கி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வருவோரில் சிலர், பிரேக் கருகிய வாடையோடு நேரே என் பட்டறைக்கு வருகிறார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான்: எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விட்டுவிட்டு, இறக்கம் முழுவதும் பிரேக்கையே மிதித்துவருகிறார்கள். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிவிடும். அப்படிப்பட்ட ஆயில் தொடர் இறக்கத்தின் சூட்டில் கொதித்து ஆவியானால், மிதித்த பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. புறப்படுவதற்கு முன் இரண்டு ஆண்டுகளான ஆயிலை மாற்றுவது, விலையுயர்ந்த அலாய் வீல் போடுவதைவிட அவசியம். இதைச் சொன்னால், வண்டியின் குதிரைத்திறனை மனப்பாடமாக ஒப்பிக்கும் இளைஞர்கள்கூட முகம் சுளிக்கிறார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் செப்டம்பர் வரை கேப் சாலைப் பகுதியில் மண் சரியும் அபாயம் உண்டு. கார்த்திகையிலிருந்து மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் நிறைந்திருக்கும். அப்போது கம்பம்மெட்டு வழியே ஏறவும் குமுளி வழியே இறங்கவும் ஒருவழியாகப் போக்குவரத்தை மாற்றிவிடுவது வழக்கம். எனவே தை மாதப் பிற்பாதி உகந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் பூங்கா மூடியிருக்கும். சாலைக்காகவே வருபவர்களுக்கு அது பெரிய இழப்பில்லை.

அடுத்த முறை இத்தகைய திட்டத்தை வெளியிடும்போது, ஒவ்வொரு மலைச்சாலைக்கும் எதிரே ஏற வேண்டிய வேளையையும் சோதனைச் சாவடி மூடும் நேரத்தையும் தவறாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கம்பம், தேனி மாவட்டம்.