67 சதவீதத்தைத் தாண்டிப் படித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நான் தீசிஸைக் காப்பி அடித்துவிட்டேன் என்ற பேச்சு மெஸ் வரிசையிலும் வார்டிலும் கல்லூரிப் பேருந்திலுமாக நாலு பேர் நடுவில்தான் நடந்தது. அதனால் நன்றியையும் நாலு பேர் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. சிலர் போடாதே என்றார்கள், சிலருக்குப் போட்டால் சிக்கல். படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: நான் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு, மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவு. மூன்று வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத்தான் மறுபடி படிக்க வந்தேன். என் ஆய்வு படுக்கைப் புண் பற்றியது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஈரம் தங்காமல் வைப்பது இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் என்ன மாறுகிறது என்று பார்த்தேன். மொத்தம் 60 குடும்பங்கள். 30 குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். மீதி 30 பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு சொல்லிக்கொடுத்தேன்.

தீசிஸை, அதாவது ஆய்வேட்டை, ஒப்படைத்த மறுவாரம் துறையிலிருந்து கூப்பிட்டார்கள். மேசையில் சிமிலாரிட்டி ரிப்போர்ட் இருந்தது, என் எழுத்து மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அறிக்கை. முதல் பக்கத்தில் 67 சதவீதம். அதில் 48 சதவீதம் ஒரே இடத்திலிருந்து, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த மாணவர் கட்டுரை என்று போட்டிருந்தது. "யாரோடதைப் பார்த்துக் காப்பி அடிச்ச?" என்பதுதான் முதல் கேள்வி. அடித்தாயா என்று யாரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தரவேண்டும். 40-இலிருந்து 60 வரை என்றால் ஒரு வருடம் ஒப்படைக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் படிப்புக்கான பதிவே ரத்து. அன்று மதியத்துக்குள் இந்த விதி ஹாஸ்டலில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது, எனக்குத் தவிர.

முதல் நன்றி நூலக சாருக்கு. அழுதுகொண்டு போய் நின்றேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ரிப்போர்ட் முழுசா குடுத்தாங்களா, முதல் பக்கம் மட்டுமா?" என்று கேட்டார். என் கையில் இருந்தது முதல் பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும். முழு ரிப்போர்ட்டும் கேட்டு விண்ணப்பம் எழுத வைத்தார். வந்ததும், நூலகம் மூடிய பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வார்டில் பி.பி. 220 என்று காட்டினால் நாம் முதலில் கையில் சுற்றும் பட்டை (கஃப்) சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம், மறுபடி ஒருமுறை எடுப்போம். எனக்கு அதைச் செய்த ஒரே ஆள் நர்சிங்கே படிக்காத ஒருவர்.

61-ஆம் பக்கத்தில் நிறுத்தினார். என் ஆய்வின் முடிவுப் பகுதி. முன்தேர்வு, பின்தேர்வுச் சராசரிகள், 60 பேரின் வயது அட்டவணைக்கு நான் எழுதிய விளக்கம் எல்லாமே சிவப்பு. "ஏம்மா, வடக்க இருக்கிற பிள்ளை நம்ம ஊர் பெரியாஸ்பத்திரி நாலாம் வார்டுலயா வந்து டேட்டா எடுத்துச்சு?" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அவர் கேட்டது: "இதை வேற எங்கயாவது செக் பண்ணினியா?"

பண்ணியிருந்தேன். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் பயத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் 300 ரூபாய் கொடுத்துப் பார்த்தேன். அப்போது வந்த எண் என்னைப் பயமுறுத்தவில்லை, மறந்தும்விட்டேன். அந்தக் கடை பயன்படுத்திய கணக்கு வேறு ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்திருக்கிறது. கோப்பை ஏற்றும்போது சேமிப்பில் சேர்க்காதே என்று ஒரு தெரிவு உண்டு, அதை எடுக்கவில்லை என்றால் கோப்பு அங்கேயே தங்கிவிடும். பிறகு யார் அதை ஏற்றினாலும், எழுதினவளே ஏற்றினாலும், மென்பொருள் பழையதை எடுத்துக் காட்டும். என் வீட்டுப் பூட்டை நானே உடைத்து நுழைந்த கதை.

ஆனால் இதை நான் சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டாவது நன்றி அந்தக் கடை அண்ணனுக்கு. நேர்மையாகச் சொல்கிறேன், அவர் செய்யும் தொழிலின் அந்தப் பகுதி சரியில்லை. நான் அங்கே போனதும் சரியில்லை. ஆனாலும் நான் போய் நின்றதும் அவர் தெரியாது என்று கைவிரித்திருக்கலாம். பழைய கணினியைத் திறந்து, என் கோப்பு ஏறிய நாள், நேரம், கோப்பின் பெயர் இருந்த ரசீதை எடுத்துக்கொடுத்தார். என்னை விசாரிக்கும் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கணக்கை மூடிருவாங்க, போகட்டும் தங்கச்சி, ஜெராக்ஸ் எடுத்தே பொழைச்சுக்கலாம்" என்றார். இரண்டு வாரத்தில் மூடியும்விட்டார்கள்.

அந்த 48-ஐக் கழித்தால் மீதி 19 என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதை விலக்கி மென்பொருளில் மறுபடி ஓட்டியபோது 31 வந்தது. வயிறு கலங்கிவிட்டது. நூலக சார்தான் விளக்கினார்: ஒரே வரி இரண்டு இடத்தோடு ஒத்துப்போனால் பெரிய ஆதாரத்தின் கணக்கில்தான் அது சேரும், பெரியதை எடுத்ததும் அடியில் இருந்தது மேலே வரும். அப்புறம் நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எல்லாம் விதிப்படியே விலக்கப்பட வேண்டியவை. கடைசியில் பின்னிணைப்பு.

பின்னிணைப்பில் இருந்தது பிரேடன் அளவுகோல். பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் உருவாக்கியது, 1987-இல் ஆய்விதழில் வந்தது. நோயாளிக்குப் படுக்கைப் புண் வர எவ்வளவு வாய்ப்பு என்று ஆறு தலைப்பில் மதிப்பெண் போடுவது. மொத்தம் 6 முதல் 23 வரை, குறையக் குறைய ஆபத்து. அதில் சொல்லை மாற்ற முடியாது. தோல் எப்போதும் ஈரமாக இருந்தால் 1, அடிக்கடி ஈரமானால் 2. நான் என் சொந்த நடையில் எழுதுகிறேன் என்று 'எப்போதும்' இருந்த இடத்தில் 'அடிக்கடி' என்று போட்டால் நோயாளியின் மதிப்பெண்ணே மாறிவிடும். அனுமதி வாங்கிய மின்னஞ்சலும் என்னிடம் இருந்தது.

இந்த இடத்தில் இன்னொருவருக்கும் ஒரு மாதிரியான நன்றி. பக்கத்துக்கு 40 ரூபாய், சதவீதத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் போனில் பேசினார். மாதிரிக்கு ஒரு பக்கம் மாற்றி அனுப்பினார். படுக்கைப் புண்ணைக் குறிக்கும் 'பிரஷர் அல்சர்' எல்லாம் 'ஸ்ட்ரெஸ் அல்சர்' ஆகியிருந்தது. அது இரைப்பையில் வருவது! அந்தப் பத்து நாளில் நான் சிரித்தது அன்று மட்டும்தான்.

குழுவில் மூன்று பேர். துறைத் தலைவர், மென்பொருள் தெரிந்த ஒருவர், வெளித்துறையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை. அந்த மேடத்துக்குத்தான் எனக்கு மிகக் கடினமான நன்றி. கடை ரசீது, கடிதம், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சரி, 48 முடிஞ்சது. 23-ஆம் பக்கம்?" என்றார்.

23-ஆம் பக்கம், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் என் இலக்கிய மீளாய்வில் இருந்தது. முக்கால் பக்கம், ஒரு ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை, அப்படியே. வேலை பார்த்த காலத்தில் ஒரு நைட் டியூட்டியில் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது என் கையெழுத்தில் இருந்ததால் என் எழுத்து என்றே நினைத்துவிட்டேன். அதைச் சொன்னேன். அவர், "உங்க கையெழுத்தா இருக்கலாம், எழுதினது அவங்க" என்றார். கத்தவில்லை, இரக்கமும் காட்டவில்லை. 2016-இல் படுக்கைப் புண்ணுக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு திருத்தி வெளியிட்ட, புண் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான வரையறைகளை, அதாவது 'பிரஷர் அல்சர்' என்பது 'பிரஷர் இன்ஜுரி' ஆனபோது வந்தவற்றை, மேற்கோள் குறி இல்லாமல் போட்டிருந்ததையும் காட்டினார். கீழே எண் கொடுத்து யார் சொன்னது என்று எழுதியிருந்தேன். அது போதாது, வரிக்கு வரி எடுத்தால் குறி வேண்டும் என்றார். விலக்க வேண்டியதெல்லாம் விலக்கிய பிறகு நின்ற எண் 14. அந்த 14-இல் பெரும்பகுதி என் தப்புதான்.

இதைச் சொல்லாமல் நான் முழுக்க நிரபராதி என்று நன்றி மடல் எழுதினால் அது இன்னொரு திருட்டு. என்னை அந்த நேரத்தில் அதிகம் குத்தியது வேறு. என் பழைய வார்டு சிஸ்டர் "எழுதலைன்னா நீ செய்யலைன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அவர் பழக்கத்தால்தான் என் ஆய்வு நோட்டு முழுவதும் தேதி, நேரம், கையெழுத்து இருந்தது, அதுதான் குழுவின் முன் என்னைக் காப்பாற்றியது. சிறுநீர் அளவை மில்லிக்கு மில்லி எழுதும் நான், ஒரு கட்டுரையின் பெயரை நோட்டின் ஓரத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன். சிஸ்டர், நீங்கள் சொன்னதைப் பாதிதான் பிடித்திருக்கிறேன்.

என் ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு மேடத்துக்கும் நன்றி. முதல் நாலு நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. அது வலித்தது, இப்போதும் கொஞ்சம் வலிக்கிறது. ஐந்தாம் நாள் ஒரு தடித்த கோப்போடு வந்தார். ஏழு வரைவுகள், ஒவ்வொன்றிலும் அவர் திருத்தம், தேதி. குழுவின் முன் அரை மணி நேரம் எனக்காகப் பேசினார். அவருக்கும் கேள்வி வந்திருக்கும், அவரும் பயந்திருப்பார் என்று பிறகுதான் தோன்றியது.

அறைத் தோழிகள் இருவர் என்னைத் தனியாகவே விடவில்லை, குளியலறை வாசலில் கூட நின்றார்கள். அப்பா கடையை மூடிவிட்டு வந்தார், அம்மா புளிச்சாதம் கட்டிக்கொடுத்தாள். 'ப்ளேஜரிசம்' என்றால் என்ன என்று அப்பா கேட்டார். அடுத்தவர் எழுதியதை என் பெயரில் போடுவது என்றேன். "நீ போட்டியா?" என்றார். முக்கால் பக்கம் போட்டேன் என்றேன். "அப்ப அதை மட்டும் ஒத்துக்க" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். குழு முன் எப்படிப் பேசுவது என்று மூன்று பேர் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்பா சொன்னதைத்தான் செய்தேன்.

அப்புறம் நாலாம் வார்டில் தன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்ட பாட்டி. ஆய்வில் 17-ஆம் எண். தொடர் சிகிச்சைக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்தே ஏதோ பிரச்சினை என்று கண்டுபிடித்துவிட்டார். கொஞ்சம் சொன்னேன். "நீ வந்து எங்களக் கேட்டு எழுதுனதத்தான் நாங்க பாத்தமே தாயி, நான் வேணா வந்து சொல்லட்டா?" என்றார். தாத்தாவைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைக் காட்டினார். எட்டு மாதமாகப் படுக்கையில் இருப்பவர். வால் எலும்பின் மேல் ஒரு சிவப்புக்கூட இல்லை.

திருத்தித் தர விதிப்படி ஆறு மாதம் வரை கொடுக்கலாம். எனக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள். 23-ஆம் பக்கத்தை அடித்துவிட்டு அந்தக் கட்டுரையை மறுபடி முதலிலிருந்து படித்தேன், மூடி வைத்துவிட்டு எழுதினேன். வரையறைகளுக்கு மேற்கோள் குறி போட்டேன். 12 நாளில் கொடுத்துவிட்டேன். இப்போது 6 சதவீதம். அதில் சேர்ந்த ஒரு வரி, படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று 1859-இல் நர்சிங் முன்னோடி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய வாக்கியம். இந்தத் தலைப்பில் நான் பார்த்த தீசிஸ் பெரும்பாலானவற்றில் அது இருந்தது. இந்த முறை குறி போட்டே எடுத்திருக்கிறேன், இருக்கட்டும் என்று நூலக சார் விட்டுவிட்டார். வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, அடுத்த மாதம்.

நூலக சார், இந்த அமளியில் நான் திருப்பித் தராமல் வைத்திருந்த இரண்டு புத்தகத்துக்கு 46 ரூபாய் அபராதம் ஏறியிருக்கிறது. தள்ளுபடி செய்கிறேன் என்றீர்கள். வேண்டாம். திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன், ரசீது போட்டு வையுங்கள்.

அன்புடன்,
நாலாம் வார்டில் டேட்டா எடுத்த பிள்ளை