முன்கையிலிருந்து ஆரம்பிக்கலாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ புலம்பியது இன்னும் காதில் நிற்கிறது. ஒரு முன்கைக்குள் இத்தனை தசையா, இத்தனை நரம்பா, ராத்திரி படித்தது காலையில் நிற்கவில்லை என்றாய். வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், செஃபாலிக் வெயின் என்ற கைச் சிரை எங்கே தொடங்குகிறது என்று கேட்டதற்கு வாயே வரவில்லை என்றாய். இதையெல்லாம் போனில் கோவையாகச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நர்ஸிங்கில் எங்களுக்கும் அனாடமி உண்டு. உங்கள் டாக்டர் படிப்பில் இருப்பதில் கால்வாசிகூட இருக்காது. அதையும் நெட்டுருப் போட்டு, பரீட்சை எழுதி, மறந்தும்விட்டேன். பிறகு, கிட்னி வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் வார்டில் போட்டார்கள். அங்கேதான் அது திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

உன் செஃபாலிக் வெயினையே எடுத்துக்கொள். கட்டைவிரலை நன்றாக விரித்துப் பிடி. அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். குழியின் தரையில் ரேடியல் ஆர்ட்டரி என்ற தமனி ஓடுகிறது. மேலே, தோலுக்கு அடியிலேயே, செஃபாலிக் வெயின் புறங்கையிலிருந்து கிளம்பி வருகிறது. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் தெரியுமா?

டயாலிசிஸ் செய்ய நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் வெளியே வந்து திரும்ப உள்ளே போக வேண்டும். சாதாரணச் சிரையில் அந்த ஓட்டம் கிடைக்காது. தமனியில் ஓட்டம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரம் 3 தடவை அதில் பெரிய ஊசி குத்தினால் கை என்ன ஆகும்? அதனால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஃபிஸ்டுலா என்போமே, அதுதான். 1966-இல் நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ என்ற டாக்டர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முறை. தமனியின் அழுத்தம் நேராகச் சிரைக்குள் பாய்கிறது. வாரங்கள் போகப் போக அந்த மெல்லிய சிரை அகன்று, சுவர் தடித்து, ஊசி தாங்குகிற அளவுக்கு வந்துவிடுகிறது. தமனிச் சுவர் தடிப்பு, சிரைச் சுவர் மெல்லிசு என்று நீ அட்டவணை போட்டுப் படிக்கிறாய். அழுத்தத்துக்கு ஏற்றபடி சுவர் மாறுவதை நான் மனிதர்களின் கையிலேயே பார்த்திருக்கிறேன்.

தொட்டால் கிர்ரென்று அதிரும். அதற்கு த்ரில் என்று பெயர். எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன், "காலையில் பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் தொட்டுப் பார்ப்பேன் சிஸ்டர்" என்பார். அதிர்வு நின்றால் உடனே ஓடிவர வேண்டும், குழாய் அடைத்திருக்கலாம். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு முடிந்தவரை இடது கையில்தான் போடுவார்கள். இனி யார் கேட்டாலும் செஃபாலிக் வெயின் உனக்கு மறக்குமா, சொல்.

சரி, அந்த இயந்திரம் எந்த உறுப்புக்காக ஓடுகிறதோ அதற்கு வருவோம். கிட்னியை எல்லோரும் வடிகட்டி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஒன்று சுமார் 150 கிராம்தான் இருக்கும். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும்தான் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகிறது, வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர்போல. வடித்ததில் 99 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வடிகட்டியை எந்தச் சமையலறையில் பார்த்திருக்கிறாய்?

இயந்திரத்தைக் கண்டுபிடித்த கதையும் நல்ல கதை. 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் ஊரில், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் மர உருளையில் செலோபேன் குழாயைச் சுற்றி அதைச் செய்தார். அந்தக் குழாய் சாசேஜ் இறைச்சி அடைக்கப் பயன்படுவது. ஆரம்பத்தில் வந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. 1945-இல்தான் ஒரு வயதான பெண்மணி பிழைத்தார்.

ஆனால் கழிவை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. வார்டில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது வெளிறிப்போன முகங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கிட்னிதான் அதைக் கண்டுபிடித்து, எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அனுப்பி சிவப்பணு உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையை வேலை வாங்குகிறது. கிட்னி போனால் சிவப்பணு குறைகிறது. அந்த ஹார்மோனை ஊசியாகப் போடும் வழி 1980-களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் எலும்பு. வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி கல்லீரலில் ஒருமுறை மாறி, கிட்னியில் இன்னொருமுறை மாறினால்தான் உடம்புக்கு முழுசாகப் பயன்படும். அது நடக்காவிட்டால் கால்சியம் இறங்கும். உடனே தைராய்டுக்குப் பின்னால் இருக்கிற 4 குட்டிப் பாராதைராய்டு சுரப்பிகள் பதறிப்போய் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முதுகுவலி, இடுப்புவலி என்று அவர்கள் சொல்வதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

கோடைக்காலத்தில் எங்களுக்குப் பெரிய பயம் இளநீர். ஊரெல்லாம் உடம்புக்கு நல்லது என்று குடிப்பதை இவர்கள் தொடக்கூடாது. அத்தனை பொட்டாசியம் அதில். வெளியேற்ற ஆள் இல்லாமல் அது ரத்தத்தில் ஏறினால் முதலில் கால் துவளும், ஈ.சி.ஜி. கோட்டில் டி அலை என்கிற மேடு கூராக நிமிரும், அப்படியே விட்டால் இதயம் நின்றுவிடும். வீட்டில் பாசத்தோடு வாங்கிக் கொடுப்பார்கள், யாரை என்ன சொல்வது?

சிலர் வரும்போதே ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குவார்கள். கூட வந்தவர்கள் ஆஸ்துமா என்பார்கள். ரத்தத்தில் தேங்கிய அமிலத்தைக் குறைக்க நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ரத்தக்கொதிப்பும் அப்படித்தான். கிட்னி கெட்டால் அது ஏறும், அது ஏறினால் கிட்னி இன்னும் கெடும்.

உன் புத்தகம் உடம்பை 11 மண்டலமாகப் பிரிக்கும். எங்காவது பிரிக்கத்தான் வேண்டும், பரீட்சையில் அப்படியே எழுது. ஆனால் கிட்னியைச் சிறுநீர் மண்டலம் என்று சிறுநீர்ப்பையோடு சேர்த்து ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. என்னைக் கேட்டால், பெயர்ப் பட்டியலைப் பிடித்துத் தொங்காமல், ஒவ்வொரு உறுப்பையும் படித்து முடித்ததும், இது நின்றுபோனால் வேறு எங்கெங்கே என்னென்ன நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார். தசைக்கும் நரம்புக்கும்கூட இது பொருந்தும். இந்த நரம்பு அறுந்தால் எந்த விரல் மடங்காது என்று கேட்டுக்கொள், பாதி மனப்பாடம் தானாகவே நடக்கும்.

மாற்றுக் கிட்னி பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. புதுக் கிட்னியைப் பழைய இடத்திலேயே வைப்பார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. பழையதை அப்படியே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில் வைக்கிறார்கள். பெரிய ரத்தக்குழாய்களும் சிறுநீர்ப்பையும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதனால் 3 கிட்னியோடு நடமாடுகிறவர்கள் உண்டு!

கொடுப்பவரிடமிருந்து முடிந்தால் இடது கிட்னியைத்தான் எடுப்பார்கள். இடது ரீனல் வெயின், அதாவது கிட்னியிலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் சிரை, உடம்பின் பெரிய தமனியான அயோர்ட்டாவைக் கடந்து வலப்பக்கம் உள்ள பெரிய சிரைக்குப் போக வேண்டியிருப்பதால் அது நீளம். நீளமாக இருந்தால் தைக்கச் சௌகரியம்.

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் போட்டிருக்கிறேன், அறைத்தோழிக்கும் கொடு. பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாடையில் சாப்பாடு இறங்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. அடுத்து வயிற்றுப் பகுதி வரும்போது, இடது ரீனல் வெயின் அயோர்ட்டாவுக்கு முன்னால் எப்படிக் கடக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா