ஆடி மாதத்து ஏரிக்கு எந்த ரெகுலேற்றர்? ஒன்ராறியோவின் சுழியோடிக் கழகங்களுக்கும் வாடகைக் கடைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கழக நிர்வாகிகளே, பயிற்றுநர்களே, கருவிகளை வாடகைக்குத் தரும் கடைக்காரர்களே,

வணக்கம். சிலிண்டர்க் காற்றின் அழுத்தத்தை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேற்றர்களை, குளிர்காலம் முழுவதும் கொக்கியில் தொங்கியவற்றை, வைகாசியில் நீங்கள் இறக்கி எடுக்குமுன் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்று விரும்புகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஒருவருக்கு ரெகுலேற்றரைக் கொடுக்கும்போது மாதத்தைப் பார்க்காமல், அவர் இறங்கப்போகும் ஆழத்தில் நீர் எத்தனை பாகை என்று பார்த்துக் கொடுங்கள்.

நான் சுழியோடப் பழகியது நிலாவெளியில். அங்கே 28 பாகை நீரில் எந்த ரெகுலேற்றரும் நல்ல ரெகுலேற்றர்தான். ஸ்காபரோவுக்குக் குடிவந்த பிறகே, ஒரே மாகாணத்துக்குள் இரண்டு விதமான நீர் இருப்பதை அறிந்தேன். புரொக்வில் பக்கம் சென் லோறன்ஸ் ஆறு ஆவணியில் 20 பாகையைத் தாண்டிவிடும். ஓட்டம் கலக்கிக்கொண்டே இருப்பதால் அடிவரைக்கும் அதே சூடு. ஹூரன் ஏரிக் கரையிலுள்ள டொபர்மோரியில் அப்படியில்லை. நன்னீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும் என்பதால், குளிர்நீர் ஹூரன் ஏரியின் அடியில் படிந்து கிடக்க, மேலே மட்டும் வெயிலில் காய்ந்த ஒரு போர்வை மிதக்கிறது. 1884 இல் மூழ்கிய அரேபியா என்ற பாய்க்கப்பல் 30 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்துக்குக் கோடை இறங்குவதே இல்லை. ஆனால் இந்த இரண்டு இடங்களுக்கும் உங்களில் பலர் ஒரே கொக்கியிலிருந்துதான் கருவியை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்துச் சனிக்கிழமை, என்னுடைய ரெகுலேற்றர் திருத்தத்துக்குப் போயிருந்ததால், ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். வெளியே 30 பாகை வெயில். 26 மீற்றரில், நீர் புகாத உலர் உடைக்குள் காற்றுவிடும் பொத்தானை அழுத்தியபடியே மூச்சையும் இழுத்தேன். முதலில் ஒரு சீறல் கேட்டது. அடுத்த மூச்சில் காற்று தானாகவே வாய்க்குள் கொட்டத் தொடங்கியது. பற்கள் கூசின, குமிழ்கள் முகமூடியை மறைத்தன. நண்பர் தன் ஒக்டோபஸை, அதாவது மாற்றாக வைத்திருந்த இரண்டாவது வாய்த்துண்டை, நீட்டினார். எட்டோ ஒன்பதோ மூச்சு எடுத்திருப்பேன். அதுவும் கொட்டத் தொடங்கியது, கூடவே அவர் வாயில் இருந்ததும். ஒருவரையொருவர் பிடித்தபடி மேலே வந்தபோது, சிலிண்டரில் 140 பார் அழுத்தம் காட்டிய என் அழுத்தமானி 20 காட்டியது. படகில் ஏறிப் பார்த்தால், ரெகுலேற்றரைச் சிலிண்டரில் பூட்டும் பகுதியான முதல் நிலையின் மேல் பழைய குளிர்சாதனப் பெட்டியில் படிவதுபோல வெள்ளையாக ஐஸ். அதை நகத்தால் சுரண்டியபோதுதான் உலோகத்தில் எள்ளளவு எழுத்தில் பொறித்திருந்த குறி தெரிந்தது: 10 பாகைக்கு மேல். கடைக்காரரும் அதை வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

நடந்தது இதுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவது எல்லோரும் அறிந்தது. ரெகுலேற்றரின் முதல் நிலையில் நடப்பது அதன் மறுபக்கம். 200 பாரில் இருக்கும் காற்று, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலான நிலைக்கு ஒரே தாவலில் விரிகிறபோது, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடுகிறது. வெந்நாட்டுக் கடல் அந்தக் குளிரை உடனே ஈடுசெய்துவிடும். 5 பாகை ஏரியால் முடியாது. நீர் உள்ளே புகும் பிஸ்டன் வகையில், சுருள்வில்லைச் சுற்றியிருக்கும் நீர் உறைந்து பிஸ்டனைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ள, இரண்டு நிலைகளுக்கும் நடுவிலுள்ள குழாயின் இடையழுத்தம் ஏறி, வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் நிலையின் வால்வைத் தள்ளித் திறந்துவிடுகிறது. (இந்தக் கருவியைப் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து 1943 இல் உருவாக்கிய எமில் கான்யான், 1947 இல் மொன்றியலுக்கே குடிவந்து அங்கே வேலைசெய்தவர். குளிர்நீர் ரெகுலேற்றரைப் பற்றிப் பேச இந்த நாட்டைவிடப் பொருத்தமான இடம் குறைவுதான்.)

ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சிலும் கூடுதல் காற்று போகிறது; 30 மீற்றரில் அது மேற்பரப்பில் போவதைப்போல நான்கு மடங்கு. இருவர் ஒரே முதல் நிலையிலிருந்து இழுத்தால் அதுவும் இரட்டிக்கிறது. என் நண்பரின் ரெகுலேற்றர் கெட்ட ரெகுலேற்றர் இல்லை. அவருக்கு மட்டும் காற்றுக் கொடுத்த வரையில் தாங்கியது. என்னைக் காப்பாற்றப்போய் உறைந்தது. இதனால்தான் ஐரோப்பியத் தரமான இஎன் 250 எனக்கு முக்கியமாகப் படுகிறது. குளிர்நீருக்குரியது என்று சொல்லிக்கொள்ள ஒரு ரெகுலேற்றர் 4 பாகை நீரில், 50 மீற்றருக்குரிய அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லீற்றர் மூச்சில் 5 நிமிடம் உறையாமல் நிற்க வேண்டும்; அந்தச் சோதனையில் தேறாதவற்றில்தான் நான் சுரண்டிக் கண்ட குறி பொறிக்கப்படுகிறது. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஏ' என்ற எழுத்து, ஒரே முதல் நிலையில் இருவர் மூச்சுவிடும் நிலைக்கும் அது சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. கனடாவில் இந்தத் தரம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எழுத்து உலோகத்தில் இருக்கிறது, வாசிக்கச் செலவில்லை.

ஆகவே டொபர்மோரி போன்ற இடங்களுக்கு, நீர் உள்ளே நுழையாதபடி மூடிய மென்றகட்டு (டயபிரம்) வகை முதல் நிலையையும், உடலின் பெரும்பகுதி உலோகமான இரண்டாம் நிலையையும் தனிக் கொக்கியில் வையுங்கள். உலோகம் நீரிலிருந்தும் மூச்சிலிருந்தும் சூட்டை இழுத்து வால்வுக்குக் கொடுக்கும். பிளாஸ்டிக் அதைத் தடுத்துவிடும். இடையழுத்தத்தைத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லையின் கீழ்ப்பக்கத்தில் வைத்து, இரண்டாம் நிலையைச் சற்று இறுக்கமாகவே விடுங்கள். வாடிக்கையாளரைக் கவர்வதற்காக, உதட்டை வைத்தவுடனே காற்று வருமாறு இளக்கிவைக்கும் பழக்கம் குளிர்நீரில் வினையை விலைக்கு வாங்குவது.

30 மீற்றர் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி வேண்டும்: இரட்டை வால்வுள்ள சிலிண்டரும் இரண்டு முதல் நிலைகளும். ஒன்றில் முதன்மை ரெகுலேற்றரும் மிதவை உடுப்பின் குழாயும்; மற்றதில் மாற்று ரெகுலேற்றரும் உலர் உடையின் குழாயும் அழுத்தமானியும். எதை மூடினாலும் மூச்சுக்கு ஒன்று, மிதப்புக்கு ஒன்று மிஞ்சும். உறைந்த பக்கத்தின் வால்வை மூடிவிட்டால் ஓடும் காற்று நிற்கும், சற்று நேரத்தில் ஐஸும் உருகும். ஒற்றை வால்வில் அதையே செய்வது நம் கழுத்தை நாமே நெரிப்பது. அண்டார்க்டிக்காவின் மக்மர்டோவில் பனிக்கடியில் இறங்கும் ஆய்வாளர்கள் இரண்டு தனி ரெகுலேற்றர்களோடு இறங்குவது வழமை. நமது ஏரியின் அடி அதைவிடச் சில பாகைதான் சூடு.

பயிற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை. 30 செக்கன் கொட்டும் காற்றில் மூச்சுவிடும் பயிற்சியைச் சூடான நீச்சல் குளத்தில், ரெகுலேற்றரின் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் எல்லோரும் கற்றோம். அதோடு, உடைக்கும் மிதவைக்கும் வாய்க்கும் ஒரே நேரத்தில் காற்றெடுக்காதே, சிறுசிறிதாக விடு என்பதையும் பழக்குங்கள். சித்திரை மாதத்துக் குளிர்காற்றிலோ பனித்துளை விளிம்பிலோ நிற்கும்போது ரெகுலேற்றரை வாயில் வைத்து ஊதிப் பார்க்கவும் பொத்தானை அழுத்தவும் கூடாது. மூச்சின் ஈரம் வால்விலேயே உறையும். அதை உலர்வாகவும் சூடாகவும் வைத்திருந்து, வாய் நீருக்குள் போனபின் முதல் மூச்சை எடுப்பதே நல்லது.

செலவு என்பீர்கள் என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்றும்படி நான் கேட்கவில்லை. வைகாசிக்குமுன் கொக்கியில் உள்ள ஒவ்வொன்றின் பொறிப்பையும் வாசித்து, குளிர்நீருக்கு ஆகாதவற்றின் குழாயில் ஒரு சிவப்பு நாடாவைச் சுற்றுங்கள். ஆற்றுநீர் 10 பாகைக்கு மேல் இருக்கும் நாட்களில் அவற்றைப் புரொக்விலுக்குத் தாராளமாகக் கொடுங்கள். டொபர்மோரி என்று சொல்பவருக்கு மட்டும் அந்தக் கொக்கியிலிருந்து எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சுழியோடி