கயலுக்கு, கும்பகோணத்திலிருந்து

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. காலையில் மகாமகக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தாலே "அம்மா, நீ அதெல்லாம் யோசிக்காதே" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

போன மாதம் அகிலன் வீடியோவில் எனக்கு ஒன்று செய்து காட்டினானே, ஞாபகமிருக்கிறதா? லைட்டை அணைத்துவிட்டு, துணி அலமாரிக்குப் பக்கத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "அம்மாச்சி, பேசக் கூடாது. சத்தம் போட்டா கெட்டவன் வந்துடுவான். பேசாம இருந்தா மிஸ் லாலிபாப் தருவாங்க" என்றான். என்னையும் வாயில் விரல் வைக்கச் சொன்னான், வைத்தேன். நீ சமையலறையிலிருந்தே, "லாக்டவுன் டிரில்மா, யாராவது துப்பாக்கியோட வந்தா ஒளிஞ்சுக்கற பயிற்சி, எல்லா ஸ்கூல்லயும் உண்டு" என்றாய். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு நிமிஷம் அசையவில்லை. முப்பத்து நான்கு வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கிடந்தவள் நான். அந்த வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் ஆடாமல் உட்கார்ந்தால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் செந்திலைப் பிடித்து, நீ இருக்கிற அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களில் நடக்கிற துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிய புத்தகங்களையும் ஆவணப்படங்களையும் கொண்டுவரச் சொன்னேன். "எதுக்குக்கா இந்த வயசுல?" என்றான் உன் மாமா. சொன்னதைச் செய்டா என்றேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு வாரமாகப் படித்தும் பார்த்தும் வருகிறேன்.

முதலில் பார்த்தது 'டவர்'. கீத் மெய்ட்லண்ட் 2016இல் எடுத்தது, டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் நடந்ததை ஓவியமாக வரைந்து அசையவிட்ட படம். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு ஹாலுக்குப் போனேன். நீ எம்.எஸ். முடித்த அன்று கறுப்பு அங்கியோடு நின்று எடுத்த போட்டோ அங்கேதானே மாட்டியிருக்கிறது. உன் தலைக்குப் பின்னால் நிற்கிற கோபுரம் அதேதான். வருகிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு படிச்ச யுனிவர்சிட்டி" என்று காட்டிக்கொண்டிருந்தேன். 1966 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒருவன் அதன் உச்சியில் ஏறி நின்று 96 நிமிஷம் கீழே நடந்தவர்களைச் சுட்டிருக்கிறான். உனக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் சொல்லவில்லை.

படத்தில் சுட்டவனைப் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை. அதுவே எனக்குப் பிடித்தது. நிறைமாதத்தை நெருங்கிய மாணவி ஒருத்தி குண்டு பட்டுத் திறந்தவெளியில் விழுந்து கிடக்கிறாள். கூட வந்த காதலன் பக்கத்திலேயே பிணமாகக் கிடக்கிறான். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கிறது. யாராலும் கிட்டே போக முடியவில்லை. அப்போது செம்பட்டை முடிக்காரி ஒருத்தி ஓடிவந்து, இவள் பக்கத்தில் தானும் பிணம்போலப் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கிறாள். பேர் என்ன, என்ன பாடம் எடுத்திருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். மயங்கிப்போனால் உயிர் போய்விடும் என்று, பையன்கள் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் பேச்சை விடவேயில்லை. முன்பின் தெரியாதவள், கயல். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை, ஆனால் அந்தப் பெண் பிழைத்தாள்.

அப்புறம் நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு நாள் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டு, அடுத்த நாள் வகுப்பு. யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. செத்தவர்கள் பேரைப் பொறித்துக் கல் வைக்கவே 2016 ஆகிவிட்டது. அந்தக் கல்லைத் திறந்த அதே ஆகஸ்ட் 1ஆம் தேதிதான், லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் வரலாம் என்ற டெக்சாஸ் சட்டம் அமலுக்கு வந்தது.

நம் ஊரை நினைத்துக்கொண்டேன். 2004 ஜூலை 16. நீ அப்போது அரைப்பாவாடை. மதிய உணவுச் சமையலறையில் பிடித்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். கீற்றுக் கொட்டகையே பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்புக்குக் கீற்றுதான். ஆட்கள் ஏறிப் பிரித்துப் போட்டதை வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு வாரம் மரத்தடியில்தான் பாடம். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996இல் 16 பிள்ளைகளையும் அவர்களுடைய டீச்சரையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அடுத்த வருஷமே அங்கே கைத்துப்பாக்கியைத் தடை செய்துவிட்டார்கள். எது நெருப்புப் பிடித்ததோ அதை எடுத்துப் போட்டார்கள். உன் ஊரில் அதைச் செய்யாமல், பிள்ளையைச் சத்தம் போடாமல் இருக்கப் பழக்குகிறார்கள். எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து சாண்டி ஹூக் பள்ளியைப் பற்றியும் படித்தேன். 2012 டிசம்பர் 14இல் செத்த 20 பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பு. ஆறு வயது, ஏழு வயது. என் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு வருகிற பேர்கள். அதுவே நாடகம், பிள்ளைகளே சாகவில்லை என்று ஒருவன் வருஷக்கணக்காகப் பேசி, பெற்றவர்களை ஊர் ஊராகத் துரத்தவைத்தான். கோர்ட்டுகள் கிட்டத்தட்ட 150 கோடி டாலர் நஷ்டஈடு போட்டன. அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. டன்பிளேன் பாதிரியார் ஒருவர் சாண்டி ஹூக் ஊர்ப் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தை வைத்துக் கிம் ஸ்னைடர் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார். அதை நீயும் பார். பிள்ளைகளைப் புதைத்த ஊரில் பாதிரியாராக இருப்பது எப்படி என்பதை, அதில் இருந்தவர் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார்.

ஸ்டீவ் ஹார்ட்மன் என்ற தொலைக்காட்சி நிருபரும் ஒரு போட்டோகிராபரும் சேர்ந்து, இப்படிப் பள்ளியில் சுடப்பட்டுச் செத்துப்போன பிள்ளைகளின் அறைகளை மட்டும் ஏழெட்டு வருஷமாகப் படமெடுத்திருக்கிறார்கள். எல்லாம் வைத்தது வைத்தபடி. ஒரு அறையில் நூலகப் புத்தகம் ஒன்று, திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய தேதி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்தப் புத்தகத்தை எந்தத் தாய்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள்?

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். கொலராடோவில் கொலம்பைன் பள்ளியில் 1999 ஏப்ரல் 20இல் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு பெண், 2025 பிப்ரவரியில்தான் இறந்தாள். அதையும் கொலை என்றே பதிவு செய்தார்கள். உன் கோபுரத்தடியில் 1966இல் சிறுநீரகத்தில் குண்டு வாங்கிய ஒருவர் 2001இல் இறந்தபோதும் அப்படித்தான். செய்தியில் ஒரு நாள் வந்துபோகிறது, பட்டவர்களுக்கு முப்பது வருஷம் ஓடுகிறது.

டெக்சாஸில் உவால்டி ஊர்ப் பள்ளியில் நடந்ததைப் பற்றிய படத்தைத் தனியாகத்தான் பார்த்தேன், அப்பாவைக் கூப்பிடவில்லை. உன் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரத்து ஊர். 2022 மே 24இல் 19 பிள்ளைகள், 2 டீச்சர்கள். 376 போலீஸ்காரர்கள் வந்து குவிந்தும் வகுப்புக்குள் நுழைய 77 நிமிஷம் ஆனது. போலீஸ்காரர்கள் சட்டையில் மாட்டியிருந்த கேமரா பதிவுகளையும், விசாரணையில் அவர்களே சொன்னதையும் வைத்து 'பிரண்ட்லைன்' என்ற தொலைக்காட்சி ஆவணப்பட நிகழ்ச்சிக்காரர்கள் எடுத்த படம் அது. உள்ளே இருந்த பிள்ளைகள் டிரில்லில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார்கள். லைட்டை அணைத்துவிட்டு வாயே திறக்கவில்லை. சத்தமே இல்லாததால் உள்ளே பிள்ளைகளே இல்லை என்று சில போலீஸ்காரர்கள் நினைத்துவிட்டார்கள். ஒரு சிறுமி உள்ளே இருந்துகொண்டே 911 என்ற அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, குசுகுசுவென்று "சீக்கிரம் வாங்க" என்று கெஞ்சியிருக்கிறாள்.

அகிலன் வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அது அப்போதிலிருந்து என் கண்ணை விட்டுப் போகவில்லை. டிரில் நடக்கிற நாளில் சாயந்திரம் அவனை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்தபோது என்ன நினைத்தாய் என்று கேளு. லாலிபாப் கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதே.

இன்னொரு கேள்வியும் நீ கேட்க வேண்டும். அவன் சிநேகிதன் வீட்டுக்கு விளையாட அனுப்புகிறாயே, அனுப்புவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடு. நமக்குக் கூச்சம்தான். நம் ஆட்கள் பழகினவர்களிடம் வாயைத் திறக்க மாட்டோம். ஆனால் அந்த நாட்டு அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற சீக்ரெட் சர்வீஸ் பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் போட்ட அறிக்கையில், துப்பாக்கியோடு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதைச் சொந்த வீட்டிலிருந்தோ நெருங்கின சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ எடுத்தவர்கள். மிச்சிகனில் 2021இல் நான்கு பிள்ளைகளைக் கொன்ற பையனுக்கு அப்பா துப்பாக்கி வாங்கிக் கொடுத்து நான்கே நாள் ஆகியிருந்தது. சம்பவத்தன்று காலையில் அவன் கணக்குத் தாளில் துப்பாக்கி வரைந்து, உதவி வேண்டும் என்றும் எழுதியிருந்ததைப் பார்த்துப் பெற்றவர்களைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேசியிருக்கிறார்கள். துப்பாக்கி அப்போது அவன் பையிலேயே இருந்தது. பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டும் போகவில்லை. 2024இல் தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் சிறை. டீச்சராக இருந்தவள் என்பதால் அந்த அறையில் நானே உட்கார்ந்திருந்ததுபோல இருக்கிறது. எத்தனை பிள்ளைகளின் தாயை நான் வரவழைத்து, "கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

கடைசியாகப் படித்ததுதான் சூ கிளிபோல்ட் எழுதிய புத்தகம். கொலம்பைனில் சுட்ட இருவரில் ஒருவனுடைய தாய். 12 மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தங்களையும் சுட்டுக்கொண்டார்களே, அவர்களில் ஒருவனைப் பெற்றவள். நடந்து பதினேழு வருஷத்துக்கு அப்புறம், 2016இல் எழுதியிருக்கிறாள். முதலில் படிக்கவே கூடாது என்றிருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்கள் இருக்கும்போது இவளுக்கு என்ன பேச்சு என்று கோபம். செந்தில்தான் பத்துப் பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள் என்றான்.

அன்று ஊரில் மற்ற தாய்கள் எல்லாம் தன் பிள்ளை பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டினார்கள். இவள், தன் பிள்ளை இன்னும் யாரையும் கொல்வதற்குள் செத்துவிட வேண்டும் என்று வேண்டியிருக்கிறாள். அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். அவள் சொல்கிற எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவில்லை. மூளையின் நோய், மனநோய் என்று திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறாள். எனக்கு அது போதவில்லை. ஆனால் இது மட்டும் போகவில்லை: அந்தப் பையன் அம்மா அப்பாவோடு போய்க் கல்லூரி விடுதியில் அறையெல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு வருஷமாகச் சாக வேண்டும் என்று தனியாக எழுதிவைத்திருக்கிறான். பள்ளியில் அவன் எழுதிய ஒரு கதை டீச்சரைக் கலங்கவைத்து, அவர் பெற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். இவள் மகனிடம் கேட்டாள், அவன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். அப்புறம் அவள் கேட்கவில்லை. அந்தக் கதையை அவன் உயிரோடு இருந்தவரை அவள் படிக்கவே இல்லை.

நீ யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத பிள்ளை. உன்னை அவனோடு ஒப்பிடவே மாட்டேன், தப்பாக நினைக்காதே. ஆனால் பின்பக்கம் போய் நின்றபோது துவைக்கிற கல் கண்ணில் பட்டது.

பன்னிரண்டாவது படிக்கும்போது, நீ தங்கிப் படித்த பள்ளி விடுதியிலிருந்து பொங்கல் லீவுக்கு வந்தாய். அந்தக் கல்லில் உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டை நகக்கண் அளவு துண்டுகளாகக் கிழித்துக்கொண்டே இருந்தாய். ஒரு மணி நேரம் இருக்கும். எடை குறைந்திருந்தாய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் நான் அரிசி களைந்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது, "அரையாண்டுல பிசிக்ஸ் ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நீயும் "அடுத்த தடவ எடுத்துடுவேன்மா" என்றாய். போன தடவை வந்திருந்தபோது செந்திலிடம், "அந்த ரெண்டு வருஷத்த மட்டும் கேக்காதீங்க மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் காபியோடு வந்ததும் நிறுத்திவிட்டாய். அன்றைக்கும் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி அகிலன் தூங்கினதும் கூப்பிடு. இங்கே ஞாயிறு காலை ஏழு மணி, அப்பா நடக்கப் போயிருப்பார். அந்த விடுதியில் உனக்கு என்ன நடந்தது? சொல்ல முடிந்த வரைக்கும் சொல். இடையில் பேச மாட்டேன்.

அன்புடன்,
அம்மா