ஒரு விவரத்துக்கு ஒரே இடம்

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். "எல்லாத்தையும் எக்செல் ஷீட்டிலேயே வெச்சுக்கலாமே அப்பா, எதுக்கு இந்த டேட்டாபேஸ் பாடம்?" என்றாய். உனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே விளக்கங்களை மனப்பாடம் செய்து பாஸாகிப் போகிறவர்கள் நிறையப் பேர். வருஷக்கணக்காக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் மீதியை எழுதுகிறேன்.

ஒரு கல்லூரி ஆபீஸை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே ஷீட்டில். ஒவ்வொரு வரியிலும் மாணவர் பெயர், முகவரி, அவர் எடுத்த பாடம், அதை நடத்தும் ஆசிரியர், ஆசிரியரின் அறை எண். ஒரு மாணவி 6 பாடம் எடுத்தால் 6 வரி. அவள் முகவரியும் 6 தடவை. அவள் வீடு மாறுகிறாள். ஆபீஸில் இருப்பவர் 5 வரிகளைத் திருத்திவிட்டு ஒன்றை விட்டுவிடுகிறார். இப்போது அவளுக்கு இரண்டு முகவரி. எது சரி என்று அந்த ஷீட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இன்னொன்று பார். புதிதாக ஒரு பாடம் தொடங்குகிறார்கள், இன்னும் யாரும் சேரவில்லை. அதை எந்த வரியில் எழுதுவது? மாணவர் இல்லாமல் வரியே கிடையாதே! அப்புறம், ஒரு பாடத்தில் இருந்த ஒரே மாணவரும் விலகிவிட்டார் என்று அவர் வரியை அழித்தால், அந்தப் பாடத்தை யார் நடத்துகிறார் என்ற விவரமும் கூடவே போய்விடும்.

மாற்றும்போது, சேர்க்கும்போது, அழிக்கும்போது வரும் இந்தக் குளறுபடிகளைத்தான் உன் புத்தகம் அப்டேட் அனாமலி, இன்சர்ட் அனாமலி, டெலீட் அனாமலி என்று சொல்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: தனித்தனியாக இருக்கவேண்டிய விஷயங்களை ஒரே வரிக்குள் திணித்துவிட்டோம். மாணவருக்கு ஒரு டேபிள், பாடத்துக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 'இந்த மாணவர் இந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கிறார்' என்பதற்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் முகவரி ஒரே இடத்தில்தான் இருக்கும். அங்கே மாற்றினால் எல்லா இடத்திலும் மாறினதாக அர்த்தம். நார்மலைசேஷன் என்று பல பக்கங்களுக்கு வருவதன் சாரம் இதுதான். எந்த டேபிள் போட்டாலும் உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இதில் ஒரு ரோ (ஒரு வரி) என்பது எது? ஒரே வாக்கியத்தில் பதில் வரவேண்டும். பதிலில் "சில சமயம்" என்ற சொல் எட்டிப்பார்த்தால், அந்த டேபிளை உடைக்கவேண்டும்.

இப்படி டேபிள்களாகப் பார்க்கும் வழியைக் கொடுத்தவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கணிதக்காரர். 1970-இல் அவர் எழுதிய கட்டுரைதான் ஆரம்பம். அதற்கு முன்பே டேட்டாபேஸ்கள் இருந்தன. நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் உதிரி பாகங்களைக் கணக்கில் வைக்க, அதே ஐ.பி.எம். 1960-களில் ஒன்று செய்தது. அது மரக்கிளைபோல் விரியும் அமைப்பு. எந்தக் கிளை வழியாகப் போனால் எந்த விவரம் கிடைக்கும் என்று புரோகிராம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அமைப்பை மாற்றினால் புரோகிராமையும் மாற்றவேண்டும். காட் அந்தப் பிணைப்பை அறுத்தார். என்ன வேண்டும் என்று மட்டும் கேள், எப்படித் தேடி எடுப்பது என்பதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய நிலை. அந்த எண்ணத்தின் மேல்தான் 1974-இல் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். காட்டுக்கு 1981-இல் கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நீ அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறாய். கணினித் துறையில் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்த யோசனைகள் மிகக் குறைவு.

சரி, பிரித்த டேபிள்களை எப்படி இணைப்பது? ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு பிரைமரி கீ, அதாவது அதை அடையாளம் காட்டும் ஒரு மதிப்பு, வேண்டும். அது யாருக்கும் இரட்டிக்கக் கூடாது, மாறவும் கூடாது. பெயர் உதவாது, ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். போன் நம்பர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனிதர்கள் நம்பரை மாற்றுகிறார்கள், விட்ட நம்பர் வேறு யாருக்கோ போகிறது. அர்த்தமே இல்லாத ஒரு எண்ணைக் கொடுத்துவிடு, அதுதான் நிம்மதி. சேர்க்கை டேபிளில் மாணவர் எண்ணும் பாட எண்ணும் ஃபாரின் கீயாக, அதாவது மற்ற டேபிளில் இருக்கும் ரோவைச் சுட்டும் எண்ணாக, நிற்கும். இல்லாத மாணவரை ஒரு பாடத்தில் சேர்க்கப் பார்த்தால், டேட்டாபேஸே முடியாது என்று சொல்லிவிடும். எர்ரர் வந்ததே என்று எரிச்சல்படாதே. அந்த எர்ரர் வராமல் உள்ளே போன ஒரு தப்பான ரோவை ஆறு மாதம் கழித்துத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவன் சொல்கிறேன்.

தேதியை டெக்ஸ்ட்டாக வைக்காதே. '10-02-2024'-ஐயும் '9-01-2024'-ஐயும் டெக்ஸ்ட்டாக வரிசைப்படுத்தினால் பிப்ரவரிதான் முன்னால் வரும், 1 என்ற எழுத்து 9-க்கு முந்தியது என்பதால். டேட் என்ற வகை இருப்பதே இதற்காகத்தான்.

எதுவும் நிரப்பாத இடத்தைக் குறிக்கும் 'நல்' (NULL) விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசி, இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நல் என்றால் பூஜ்யம் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை. 'தெரியாது' என்று அர்த்தம். மாணவர் டேபிளில் ரத்தப் பிரிவு என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, சிலருக்கு நிரப்பவில்லை. ஓ பாசிட்டிவ் அல்லாதவர்களைக் கொடு என்று கேட்கிறாய். நிரப்பாதவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். ஓ பாசிட்டிவ் ஆனவர்களைக் கேட்டாலும் வரமாட்டார்கள். இரண்டு பட்டியலையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை இடிக்கும். ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பதில் இருக்கிற உலகம் அது. நிபந்தனை எழுதும் 'வேர்' (WHERE) பகுதியில் 'ஆம்' என்று வந்த ரோக்கள் மட்டும்தான் வெளியே வரும்.

இனி உன் எக்செல் கேள்விக்கு இன்னொரு பாதிப் பதில். நீ ஒருத்தி மட்டும் பார்க்கிற சின்னப் பட்டியலுக்கு எக்செல் தாராளமாகப் போதும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதும்போது என்ன செய்வாய்? ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போகிறது. முதல் கணக்கில் கழித்தாயிற்று. இரண்டாவதில் கூட்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. பணம் எங்கே? இரண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்திருந்தால் இரண்டும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். மாற்றத்தை டேபிளில் எழுதும் முன் டேட்டாபேஸ் அதை ஒரு லாகில், அதாவது ஒரு குறிப்பேட்டில், எழுதிக்கொள்கிறது. மின்சாரம் திரும்பியதும் அந்த லாகைப் படித்து, கமிட் ஆகாததை, அதாவது முடிந்ததாக உறுதியாகாததை, எல்லாம் ரத்து செய்துவிடும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. இதற்குப் பெரிய அளவில் உழைத்த ஜிம் கிரே 1998-க்கான டூரிங் விருதைப் பெற்றார்.

இண்டெக்ஸ் பற்றி நிறையக் கவலைப்படாதே, இப்போதைக்கு ஒன்று தெரிந்தால் போதும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரிதான். மரம்போல் கிளை பிரியும் பி-ட்ரீ என்ற அமைப்பில் ஒரு பக்கத்துக்கு 200 கிளை என்றால், மூன்றே படியில் 80 லட்சம் ரோக்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அதையும் புதுப்பிக்கவேண்டும். அதனால் எல்லா நெடுவரிசைக்கும் போட்டுவிடாதே.

லேபில் அப்டேட், டெலீட் எழுதும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள். அதே வேர் நிபந்தனையோடு முதலில், ரோக்களை எடுத்துக் காட்ட மட்டும் செய்யும் செலக்ட் போட்டு, எந்த ரோக்கள் வருகின்றன என்று பார். வேர் எழுத மறந்த அப்டேட் ஒன்று டேபிள் முழுவதையும் மாற்றிவிடும், கேட்கவும் கேட்காது. டிரான்ஸாக்ஷனுக்குள் செய்தால், செய்ததை ரத்து செய்யும் ரோல்பேக் கைவசம் இருக்கும்.

ஒரு வேலை தருகிறேன். நூலகம் ஒன்றுக்கு டேபிள் போட்டுப் பார், கம்ப்யூட்டரைத் திறக்காமல் பேப்பரில். ஒரே புத்தகத்தின் 5 பிரதிகள் இருக்கலாம், மறக்காதே. நீ இரவல் வாங்குவது பிரதியை. இரண்டு பேர் சேர்ந்து எழுதிய புத்தகமும் வரும். திருப்பிக் கொடுத்த தேதியில் நல் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்றும் எழுது. ஒவ்வொரு டேபிளுக்கும் கீழே 'ஒரு ரோ என்பது இது' என்ற வாக்கியம் இருக்கவேண்டும். போட்டோ எடுத்து அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா